நம் ஊர்ச் செய்திக்கு யார் காசு தருவது?

லிந்தாங் சாலை

மலேசியத் தமிழ் மின்னூடகம் வளர்ந்துவிட்டது என்று மேடைதோறும் கேட்கிறோம். வளர்ந்திருப்பது உண்மைதான். 2012ஆம் ஆண்டு இறுதியில் செல்லியல் செய்தித் தளம் வந்தபோது கைப்பேசியில் தமிழ்ச் செய்தி படிப்பதே பலருக்குப் புதிது. இன்று வணக்கம் மலேசியா, ஆஸ்ட்ரோ உலகம், நாளிதழ்களின் அகப்பக்கங்கள், போதாததற்கு ஊருக்கு ஊர் முகநூல் பக்கங்கள். பொழுது விடிந்தால் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி வந்து குவிகிறது.

இந்தக் குவியலில் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட் எங்கே இருக்கிறது? லிந்தாங் பக்கம் காட்டு யானை செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் புகுந்தால் வரும். அமைச்சர் வந்து நாடா வெட்டினால் வரும். எந்தத் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது, எந்தத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகள் சேரவில்லை, கோலகங்சார் நகராண்மைக் கழகம் நம் பசாரை (சந்தையை) பற்றி என்ன முடிவெடுத்தது என்பதெல்லாம் வராது.

1948 ஜூன் 16ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டபோது உலகப் பத்திரிகைகள் நம் ஊர்ப் பெயரை அச்சிட்டன. நாட்டில் அவசரகாலம் வந்ததே அதைத் தொடர்ந்துதான். 1974 முதல் நம் நாடாளுமன்றத் தொகுதியைக் கையில் வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலு 2008இல் தோற்றபோதும் எல்லாருடைய கேமராவும் இங்கே நின்றது. பெரிய சம்பவம் என்றால் ஓடி வருகிறார்கள். இரண்டு சம்பவங்களுக்கு நடுவில் இங்கே வாழ்கிறவர்களைப் பற்றி எழுத ஆளில்லை.

நண்பர்களோடு சேர்ந்து ஓர் ஊர்ச் செய்திப் பக்கம் நடத்துகிறேன். படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், வருமானம்தான் இல்லை. இதை ஒரு தொழிலாக நிலைநிறுத்த வழி இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய நிருபர்

தம்பி, நான் பல ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தவன். பெயர் வேண்டாம். வெளிவந்த செய்திக்குத்தான் கூலி. அதுவும் ஈப்போவுக்குப் போய்வரும் பஸ் கட்டணத்தைத் தாண்டாது. ஆகவே பொற்காலம் ஒன்று இருந்தது, அது போய்விட்டது என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் ஒன்றை உங்கள் தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து நாளிதழ் தோட்டத்து வீட்டுக்குள் நுழைந்தது தலையங்கத்தால் அன்று, மரண அறிவிப்பால். யார் இறந்தார்கள், எந்தத் தோட்டத்தில், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், முப்பத்தோராம் நாள் பிரார்த்தனை எங்கே என்று பார்ப்பதற்காகவே பலர் வாங்கினார்கள். அந்த அறிவிப்புக்குக் குடும்பத்தார் பணம் கட்டினார்கள். ஓராண்டு நிறைவில் படத்தோடு நினைவஞ்சலி போட்டார்கள். உங்கள் பள்ளிக்கூடச் செய்திக்கு அச்சுக்கூலி கொடுத்தது அந்தப் பணம்தான். இன்று அது புலனத்தில் இலவசமாகப் போகிறது. போகட்டும், குடும்பத்துக்கு நல்லதுதான். ஆனால் அந்தத் தூண் விழுந்த பிறகு செய்தியைத் தாங்குவது எது என்று யாரும் கேட்கவில்லை. 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. தொண்ணூற்று நான்கு ஆண்டு ஓடிய ஏடு அது.

ஈப்போ விளம்பரம்

தொழில் என்று கேட்டதால் தொழில் கணக்கைச் சொல்கிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் 32.4 மில்லியன் பேர். குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 2 மில்லியன். அதில் தமிழ் படிக்கிறவர்கள், அதிலும் இணையத்தில் செய்தி தேடுகிறவர்கள், அதிலும் உங்கள் வட்டாரத்துக்காரர்கள் என்று சலித்துக்கொண்டே வந்தால் கையில் மிஞ்சுவது சில தாமான்கள் (குடியிருப்புகள்).

கூகுள் தன் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவையில் தமிழைச் சேர்த்ததே 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன் முழுக்கத் தமிழில் இயங்கிய தளம் விதிப்படி அந்த விளம்பரத்தைப் போட முடியாது. சேர்த்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. தானியங்கி விளம்பரத்தில் ஒவ்வொரு பார்வைக்கும் ஏலம் நடக்கிறது. அந்த வாசகரை அடைய எத்தனை நிறுவனங்கள் போட்டி போடுகின்றனவோ அதற்கேற்பத்தான் விலை. தமிழ்ப் பக்கத்துக்கு ஏலம் கேட்க வருகிறவர்கள் குறைவு. ஒரு வட்டாரப் பக்கத்துக்கு அதில் கிடைப்பது இணைய இடத்தின் வாடகைக்கே போதாது.

நேரடி விளம்பரம் என்றால் புடவைக் கடை, நகைக் கடை, கேட்டரிங், திருமண மண்டபம். தீபாவளிக்கு முந்திய சில வாரங்கள் நன்றாக இருக்கும். பொங்கல் வரை இழுக்கலாம். தைப்பூசம் முடிந்தால் வறட்சி. நான் உங்களைச் சோர்வடையச் செய்ய எழுதவில்லை. வருமானம் வரும் வழி தெரியாமல் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கிய இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் கனக்கிறது.

செம்பனை வீடு

எல்லாரும் இல்லாததையே எண்ணுகிறீர்கள். சுகு பவித்ரா தம்பதியர் எந்த ஊர்? நம் ஊர். தோட்டத்துக் குடும்பம். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது வீட்டு அடுப்படியில் சமைத்துக் காட்டியே நாடு முழுக்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள். பிரதமரின் உரையில் அவர்கள் பெயர் வந்தது. பெரிய நிலையமும் ஸ்டூடியோவும் அவர்களுக்குப் பின்னால் நிற்கவில்லை.

நானும் காணொளி செய்கிறேன். பகலில் கிளினிக்கில் வேலை, இரவில் எடிட்டிங். யூடியூப்பில் விளம்பரப் பங்கு கேட்க வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி என்றால் 90 நாளில் 10 மில்லியன் பார்வை. இது எட்டாத உயரம் இல்லை. எட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஊர்ச் செய்தியை எழுத்தில் போட்டுவிட்டு யாரும் பணம் தரவில்லையே என்று கவலைப்படுவதைவிட, மக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போகலாமே.

லிந்தாங் சாலை

சகோதரி, அவர்களுடைய வெற்றியில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அவர்கள் பேசியது மலாயில். மலாய் பேசியதால்தான் நாடு முழுக்கக் கேட்டது. அதில் தவறில்லை, அது அவர்களுடைய திறமை. நான் கேட்பது வேறு. தோட்டத்து ஆயாக்கொட்டகையை (குழந்தைக் காப்பகத்தை) மூடுகிறார்கள் என்ற செய்தியை மலாயில் போட்டாலும் பத்து மில்லியன் பேர் பார்க்க மாட்டார்கள். தமிழில் போட்டாலும் பார்க்க மாட்டார்கள். அது முந்நூறு குடும்பத்துக்கான செய்தி. அந்த முந்நூறு குடும்பத்துக்கு அதைவிட முக்கியமான செய்தி வேறு கிடையாது. பார்வையின் எண்ணிக்கையை வைத்துக் கூலி தரும் ஏற்பாட்டில் இப்படிப்பட்ட செய்திக்கு இடமே இல்லை.

செம்பனை வீடு

அது சரி, ஒப்புக்கொள்கிறேன். அதை எப்படிச் சம்பாதிக்க வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் காணொளியை ஒதுக்காதீர்கள். எங்கள் லயத்தில் படிக்கத் தெரியாத பாட்டிமார் இருக்கிறார்கள். குரல் பதிவு வந்தால் எல்லாரும் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

பேராக் ஆசிரியை

பாட்டிமாரை விடுங்கள், பேரப்பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய அதுதான். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாமே ஆறாம் ஆண்டோடு முடிகிற தொடக்கப்பள்ளிகள். அதன் பிறகு இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் மலாயில். தமிழ் ஒரு பாடமாக, பல இடங்களில் பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கிறது. இடைநிலைப்பள்ளி முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் எடுக்காத பிள்ளை பன்னிரண்டு வயதோடு தமிழில் நீண்ட கட்டுரை படிப்பதை நிறுத்திவிடுகிறது. பேசும், பாட்டுக் கேட்கும், மின்னல் பண்பலையும் ராகாவும் கேட்கும். படிக்காது.

ஆகவே தமிழ் மின்னூடகத்தின் வாசகர் வட்டம் விளம்பரக்காரர் சொல்வதைவிடவும் சிறியது, வயதில் மூத்தது. ஊர்ப் பக்கம் நடத்துகிறவர் இதற்கும் சேர்த்துத்தான் வழி தேட வேண்டும். என் யோசனை: ஒவ்வொரு வாரமும் மாணவர்கள் எழுதிய ஒரு பள்ளிச் செய்தியைத் திருத்திப் போடுங்கள். பிள்ளையின் பெயர் வந்தால் வீடே படிக்கும். படிக்கிற பழக்கம் அப்படித்தான் திரும்ப வரும்.

கிள்ளான் கணினி

எல்லாரும் வருமானத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அதற்கு முன்னால் ஒரு கேள்வி. நீங்கள் எழுதியதெல்லாம் யார் வீட்டில் இருக்கிறது? முகநூலில் மட்டும் பக்கம் வைத்திருப்பது வாடகை நிலத்தில் கல் வீடு கட்டுவது. கனடாவில் செய்திக்குப் பணம் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. 2023 ஆகஸ்டில் மெத்தா நிறுவனம் அங்கே முகநூலிலும் இன்ஸ்தாகிராமிலும் செய்தியையே நிறுத்திவிட்டது. முகநூலை மட்டும் நம்பியிருந்த சின்னஞ்சிறு ஊர்ப் பத்திரிகைகளுக்குத்தான் பெரிய அடி. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், யாருக்கு எது காட்ட வேண்டும் என்ற கணக்கை அந்த நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றும். நம்மைக் கேட்டுச் செய்யாது.

இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்குத் தீராத வருத்தம். தமிழ்க் கணிமையில் மலேசியா யாருக்கும் பின்னால் நின்றதில்லை. முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் எழுத்து மென்பொருளைத் தொடங்கியது இங்கே. அவருடைய செல்லினத்தால் 2005 முதல் கைப்பேசியில் தமிழ் எழுத முடிந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இவ்வளவு இருந்தும் நம்முடைய பழைய செய்திகளைத் தேடினால் கிடைப்பதில்லை. காரணம், எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) பரவலாவதற்கு முன் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் திறந்தால் புரியாத குறிகள்தான் வரும். அச்சுப் பக்கம் வடிவமைக்கிற பல இடங்களில் அதன் பிறகும் பழைய குறியீடே தொடர்ந்தது. அதை இணையத்தில் ஏற்றும்போது படமாக ஏற்றினார்கள். படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடுபொறியால் எளிதில் படிக்க முடியாது.

ஆகவே சொந்தத் தளம் வையுங்கள். எல்லாம் ஒருங்குறியில் இருக்கட்டும். ஒவ்வொரு செய்திக்கும் தேதி, தோட்டத்தின் பெயர், ஊரின் பெயர் கட்டாயம். புலனத்துக்கும் முகநூலுக்கும் இணைப்பை மட்டும் அனுப்புங்கள். செலவு அதிகமில்லை. அமைத்துத் தர நான் இருக்கிறேன், கூலி வேண்டாம்.

பீடோங்காரன்

கெடாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கமும் இதே கதைதான். ஆனால் சட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. 2012இல் ஆதாரச் சட்டத்தில் 114ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இணையத்தில் ஒன்று உங்கள் பெயரிலோ உங்கள் பக்கத்திலோ வந்தால், நீங்கள் மறுத்து நிரூபிக்கும் வரை அதை வெளியிட்டவர் நீங்கள்தான் என்று சட்டம் கொள்ளும். 2021 பிப்ரவரியில் மலேசியாகினி செய்தித் தளத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் 500,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விதித்தது. அவர்கள் எழுதிய செய்திக்காக அன்று. வாசகர்கள் போட்ட பின்னூட்டங்களுக்காக. அவர்களுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், வாசகர்கள் சில மணி நேரத்திலேயே பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். உங்களுக்கும் எனக்கும் அப்படிக் கிடைக்குமா?

எங்கள் ஊரில் ஒரு கோயில் நிர்வாகத் தகராறைப் பற்றி ஒரு பக்கம் எழுதியது. செய்தி நிதானமாகத்தான் இருந்தது. கீழே பின்னூட்டத்தில் இரு தரப்பும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டார்கள். வழக்கறிஞர் கடிதம் வந்தது பக்கம் நடத்தியவருக்கு. அவர் அந்தப் பக்கத்தையே மூடிவிட்டார். ஊரில் இருந்த ஒரே செய்திப் பக்கம் அது.

பழைய நிருபர்

பீடோங் தம்பி சொல்வது முக்கியம். இரவில் பின்னூட்டத்தைப் பூட்டிவிடுங்கள். கண்காணிக்க ஆளிருக்கும் நேரத்தில் மட்டும் திறந்து வையுங்கள். நிலத் தகராறு, கோயில் தகராறு, குடும்ப வழக்கு என்றால் அறவே வேண்டாம். இரு தரப்பிடமும் கேட்காமல் எதையும் போடாதீர்கள். ஒருவர் பேச மறுத்தால் மறுத்தார் என்று எழுதுங்கள். இது பழைய பாடம்தான். இன்றைக்கும் காப்பாற்றும்.

ஈப்போ விளம்பரம்

இன்னொரு வருமானத்தை யாரும் சொல்லவில்லை. வாழ்த்து விளம்பரம். அரசியல்வாதிகளும் அரசு சார்ந்த அமைப்புகளும் பண்டிகைக்குப் பண்டிகை தருவது. பல வட்டாரப் பக்கங்கள் அதில்தான் ஓடுகின்றன.

லிந்தாங் சாலை

தெரியும். எங்களிடமும் கேட்டார்கள். ஒரு தலைவரின் உதவியாளர் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். நிபந்தனை எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மறுத்துவிட்டோம். அந்தப் பணத்தை வாங்கியிருந்தால் லயத்தைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தைப் பற்றி எழுதியிருக்க முடியாது.

ஈப்போ விளம்பரம்

மறுத்ததை மதிக்கிறேன். ஆனால் எல்லாராலும் மறுக்க முடியாது. வீட்டு வாடகை கட்ட வேண்டியவரிடம் நெறி பேசுவது எளிது. வாங்கியே தீர வேண்டும் என்றால் எல்லாக் கட்சிக்கும் ஒரே விலை, விளம்பரம் என்று பெரிதாகப் போடுவது, ஆண்டுக் கணக்கில் யார் எவ்வளவு தந்தார்கள் என்று வெளியிடுவது என்ற மூன்றையும் கடைப்பிடித்தால் ஓரளவு தலை நிமிர்ந்து நிற்கலாம்.

பழைய நிருபர்

வெளியாரிடம் கை நீட்டாமல் நடந்த ஒன்று நம் ஊர்க்காரர் ஒருவரால் நடந்திருக்கிறது. முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் இங்கே பிறந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தன. தொழிலாளிகள் வேலையும் வீடும் ஒன்றாக இழந்து நின்றார்கள். அப்போது 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டுகிறவர் தன் சம்பளத்தில் சிறு தொகை கட்டிப் பங்குதாரர் ஆனார். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். ஒரு செய்தித் தளம் நடத்த அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம்.

மலேசியாகினியும் 2002இல் வாசகரிடம் சந்தா வாங்கத் தொடங்கியது. தமிழர் பணம் தர மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். கோயில் திருவிழாவுக்கு நம் ஊர் தருவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். கணக்கைக் காட்ட வேண்டும்.

செம்பனை வீடு

மாதம் ஐந்து வெள்ளி என்றால் நான் தருகிறேன். ஆனால் தராதவர்களுக்குச் செய்தியைப் பூட்டாதீர்கள். லயத்தில் இருப்பவருக்கு ஐந்து வெள்ளியும் பெரிது. செய்தி யாருக்குத் தேவையோ அவரிடமே கதவைச் சாத்துவது போலாகிவிடும்.

லிந்தாங் சாலை

பூட்ட மாட்டோம். தர முடிந்தவர்கள் தரட்டும், எல்லாரும் படிக்கட்டும். இங்கிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய் வேலை செய்கிறவர்கள் நிறைய. ஊர் நிலவரம் அறிய அவர்களுக்கு இருக்கும் ஏக்கம் எங்களுக்கு வருகிற செய்திகளிலேயே தெரிகிறது. முதலில் அவர்களிடம் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

ஐயா சொன்ன மரண அறிவிப்பும் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்குக் கட்டணம் வைத்தால் என்ன?

பேராக் ஆசிரியை

வேண்டாம். சாவு வீட்டில் காசு கேட்பதா? சவப்பெட்டிக்கே கடன் வாங்குகிற குடும்பங்களை நான் அறிவேன். என் மாணவர்களின் வீடுகள் அவை.

பழைய நிருபர்

டீச்சர், நாளிதழில் அன்றும் காசு வாங்கினார்கள். ஏழைக் குடும்பத்துக்குத் தோட்டத்துச் சங்கத்தார் சேர்ந்து கட்டினார்கள். அவமானமாக யாரும் எண்ணவில்லை.

பேராக் ஆசிரியை

அன்று தோட்டம் இருந்தது, சங்கம் இருந்தது. இன்று ஆளுக்கொரு தாமானில் சிதறிக் கிடக்கிறார்கள். பக்கத்து வீட்டில் இறந்தது யார் என்று தெரியாதவர்கள் நடுவில் யார் சேர்ந்து கட்டுவார்கள்? அறிவிப்பு இலவசமாகத்தான் இருக்க வேண்டும். சிதறிப்போன தோட்டத்து மக்களை ஒரு சாவுக்காவது ஒன்று சேர்க்கிற வேலையை உங்கள் பக்கம் செய்தால், அதற்காகவே நான் சந்தா கட்டுவேன்.

ஈப்போ விளம்பரம்

இரண்டையும் பிரித்துவிடலாம். இறந்தவர் பெயர், எந்தத் தோட்டத்தில் இருந்தவர், இறுதிச் சடங்கு நேரம், இடம் என்ற நான்கு விவரமும் எல்லாருக்கும் இலவசம், உடனடியாக. ஓராண்டு நினைவஞ்சலி, படத்தோடு வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்கிறவர்களுக்குக் கட்டணம். வசதியுள்ள குடும்பங்கள் அதை விரும்பிச் செய்யும். விலைப் பட்டியலை நான் தயாரித்துத் தருகிறேன்.

கிள்ளான் கணினி

எந்தத் தோட்டத்தில் இருந்தவர் என்ற விவரத்தைத் தயவுசெய்து தனிப் புலமாக வையுங்கள். எல்பில், கமுனிங், டோவன்பி என்று தேடினால் அந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வர வேண்டும். எந்த நாளிதழும் அப்படி ஒன்றை வைத்திருக்கவில்லை.

பீடோங்காரன்

அறிவிப்பை யார் சரிபார்ப்பார்கள்? எங்கள் பக்கம் உயிரோடிருப்பவருக்கு இரங்கல் போட்டுப் பெரிய கலாட்டா ஆனது.

பழைய நிருபர்

நான் பார்க்கிறேன். குடும்பத்தில் இரண்டு பேரிடம் பேசி உறுதி செய்த பிறகே போட வேண்டும். விடிகாலையில் அழைத்தாலும் பரவாயில்லை, வயதானவனுக்குத் தூக்கம் குறைவு. தம்பி, தளம் தயாரானதும் அறிவிப்புப் படிவத்தில் என் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

லிந்தாங் சாலை

சேர்க்கிறேன், ஐயா. கிள்ளான் நண்பரோடு இன்று பேசிவிட்டேன். முதலில் தளம், பிறகு சந்தா அறிவிப்பு. முதல் மாதத்திலிருந்தே வரவுசெலவைத் தளத்தில் போடுவோம். டீச்சர், மாணவர் செய்திகளுக்கு எந்த நாள் வசதிப்படும் என்று சொல்லுங்கள். லயக் கடிதத்தைப் பற்றி நிர்வாகத்திடம் பதில் கேட்டு எழுதியிருக்கிறோம். வந்தாலும் வராவிட்டாலும் வெள்ளிக்கிழமை செய்தி வெளியாகும்.